நாற்பத்தோராவது சொல்

செருப்பு வாங்கப் போனால் நான் நாலு கடை ஏறி இறங்குகிற ஆள். ஆனால் ஃபோனில் எதையாவது தேடினால் முதலில் வருவதைத்தான் தொடுவேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள், மேடம். இரண்டாவதாக வருவது என்னவென்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எழுபதாவதாக வருவதைப் பார்க்கிறவர்கள், அதற்காகவே சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்கள் மட்டும்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லி ஸ்டேஷனில் தாள் கொடுத்தீர்கள். எழுதுகிறேன். ரோஜா என்கிற பெண்ணின் வலது கண் போய்விட்டது என்றும், இடது கண்ணைப் பற்றி டாக்டர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்றும் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. கும்மிடிப்பூண்டிக்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். கடம்பத்தூரில் வீடு, மணவாள நகரில் வேலை, நடுவில் ரயிலில் நாலு பக்கம் படிக்க ஒரு மொழிபெயர்ப்பு நாவல். என்னைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் எதுவும் இல்லை.

வேலை கொடுத்தவர் பாக்கியநாதன் அண்ணன். தொழிற்சாலைகளுக்குக் கையுறை, ஹெல்மெட், பூட்ஸ், கண்ணாடி விற்கிறவர். குடோன் கும்மிடிப்பூண்டியில். ஆன்லைன் கடைக்கான அலுவலகம் மணவாள நகரில், ஒரு டயர் கடைக்கு மேலே. நான் சேர்ந்த முதல் வாரமே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னா ஹேமு, கையுறைன்னு தேடுனா எவன் எவனோ வரான். நம்ம கடை எங்க கீது?”

“ஏழாவது பக்கத்துல இருக்குண்ணா.”

“ஏழாவது பக்கமா? அதுக்கு நம்ம போர்டைத் தூக்கினு போயி பூண்டி ஏரிக்குள்ள நட்டு வெச்சிருக்கலாமே. மீனாவது பாத்துனு போவும்.”

அவர் சொன்னது சரிதான். எங்கள் தொழிலை ஒரு தெருவை வைத்தே விளக்கிவிடலாம். மணவாள நகருக்குப் புதிதாக ஒரு பல் டாக்டர் வருகிறார் என்று வையுங்கள். ஆட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூட டீச்சர் எல்லோரும் “அவர்கிட்ட போங்க” என்று கை காட்டினால் கூட்டம் சேரும். யாரும் காட்டாவிட்டால் அவர் ஈ ஓட்ட வேண்டியதுதான். இணையத்திலும் அதே கதை. ஒரு தளம் இன்னொரு தளத்தைக் கை காட்டினால் அதற்குப் பேக்லிங்க் என்று பெயர். மதிப்புள்ளவர்கள் கை காட்டக் காட்டத் தேடலில் மேலே ஏறலாம். எங்கள் கடையை ஒருவரும் காட்டவில்லை. காட்ட வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன். கல்லூரிகளுக்கும் சங்கங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நூறு மின்னஞ்சலாவது எழுதியிருப்பேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டுக் கிடைக்காததை இறந்துபோன தளங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பிறகு ஒரு வீடியோவில் கற்றுக்கொண்டேன். தளத்தின் பெயரை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தளத்தை முன்பு கை காட்டியவர்களுக்கு ஆள் மாறியது தெரியாது. அவர்கள் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருப்பார்கள்.

அப்படித்தான் எட்வர்ட் என்பவரின் தளம் கிடைத்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர்களுக்கான முதலுதவிக் குறிப்புகளைத் தமிழில், ஒரு விபத்துக்கு ஒரு பக்கமாக எழுதி வைத்திருந்தார். எந்திரத்தில் கை சிக்கினால், மின்சாரம் அடித்தால், வாயு கசிந்தால், ஆசிட் பட்டால் என்று. மூலையில் அவருடைய போட்டோவும் ஃபோன் நம்பரும். ஒரு நர்ஸிங் கல்லூரி, இரண்டு தொழிற்சங்கங்கள், மூன்று பத்திரிகைகள் அவரைக் கை காட்டியிருந்தன. போன வருடம் இறந்துபோனார். பெயரைப் புதுப்பிக்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பிரியாணி விலைக்கு அதை வாங்கினேன்.

பழைய பக்கங்களை, அழிந்த தளங்களின் நகலைச் சேர்த்து வைக்கும் இணையக் காப்பகத்திலிருந்து எடுத்து இருந்தபடியே திரும்பப் போட்டேன். பக்கங்கள் காணாமல் போனால் கை காட்டுகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள். அந்தச் சாக்கில் எல்லாவற்றையும் படித்தேன். சில நாவல்களில் பனி பெய்யும் ஊரில் ஒரு வயதான டாக்டர் வருவாரே, அவர் நம் தோளைத் தொட்டுப் பேசுவது போலிருந்தது. ஆசிட் பக்கம் இப்படித் தொடங்கியது: “தண்ணீர். முதலில் தண்ணீர், கடைசியிலும் தண்ணீர். குழாயடியில் இருபது நிமிடம். கத்துவார்கள், விடாதீர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.”

நல்ல எழுத்து. அதை எழுதியவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. போட்டோவை எடுக்க மனம் வரவில்லை. அவருடைய நம்பர் மட்டும் உபயோகத்தில் இல்லை. உயிரில்லாத நம்பர் இருந்தால் தளத்தின் மதிப்புக் குறையும் என்பதால் என் நம்பரைப் போட்டேன். ஓரத்தில் எங்கள் கடைக்கு வழி காட்டும் சின்னச் சின்ன இணைப்புகளையும் வைத்தேன்.

மூன்று மாதத்தில் எங்கள் கடை முதல் பக்கத்துக்கு வந்தது. எட்வர்டின் ஆசிட் பக்கத்துக்குத்தான் கூட்டம் அதிகம். ஆனால் வந்தவர்கள் யாரும் எதுவும் வாங்கவில்லை.

“படிக்கிறாங்கோ, போய்க்கினே இருக்காங்கோ. அப்டி இன்னாதான் எழுதிக்கீது அதுல?” என்று கேட்டார் அண்ணன்.

“தண்ணி ஊத்தணும்னு போட்டிருக்குண்ணா.”

“தண்ணிய எவன் நம்மகிட்ட வாங்குவான்? குழாயத் தொறந்தா வருது. நம்ம ஜெல்லு டப்பா குடோன்ல குறட்டை உட்டுனு தூங்குது. அத எழுப்பு நைனா.”

ஜெல் எங்கள் சொந்தத் தயாரிப்பு. எரிச்சலைத் தணிக்கும். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் ‘சிறு சூட்டுக் காயங்களுக்கு மட்டும்’ என்று அச்சாகியிருக்கும். நான் அதைப் பார்த்தேன் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். எதையும் மறைப்பதற்காக எழுதவில்லை.

முதலில் தண்ணீருக்குக் கீழே ஜெல்லை வைத்தேன். யாரும் அதுவரை இறங்கி வரவில்லை. பிறகு பக்கத்திலே வைத்தேன். அப்புறம் மேலே. இடம் போதாததால் எட்வர்டின் ஒரு வரியை எடுக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் நீளமான வரி.

உங்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். நாம் எதையாவது தேடும்போது, எல்லா முடிவுகளுக்கும் மேலே ஒரு பெட்டிக்குள் பதில் வரும். அது ஏதாவது ஒரு தளத்திலிருந்து எடுத்த சில வரிகள். ஆசிட் பற்றித் தேடினால் எங்கள் பக்கத்தின் வரிகள் அங்கே வரத் தொடங்கின. இந்த வேலையில் அது பெரிய கௌரவம். அளந்து பார்த்தேன், நாற்பது சொற்கள் வந்தன. அதற்குப் பிறகு மூன்று புள்ளி. முழுவதும் பெட்டியிலேயே படித்துவிட்டால் யாரும் உள்ளே வர மாட்டார்கள், உள்ளே வராவிட்டால் கடைக்கும் வர மாட்டார்கள். அதனால் பதில் பாதியில் நிற்க வேண்டும். மூன்று நாள் எழுதி எழுதிப் பார்த்தேன். ஜெல்லை உடனே தடவச் சொல்லிவிட்டு, கடைசியில் “அந்த இடத்தைச் சுத்தமான” என்று பெட்டி முடியும். தண்ணீர் நாற்பத்தோராவது சொல்லாக அமைந்தது. ஜெல் விற்கத் தொடங்கியது.

தண்ணீரை நான் எடுக்கவே இல்லை, மேடம். அது பக்கத்தில் இருந்தது. பெட்டியைத் தொட்டு உள்ளே போனால் தெரியும்.

பிறகு ஆரோக்கியமேரி அக்கா வந்தார். எட்வர்டின் மகள். கும்மிடிப்பூண்டியில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். வார விடுமுறை நாளில், பஸ் மாறி மாறி, கடை முகவரியைக் கண்டுபிடித்து, கீழே டயர் கடையில் என் பேரை விசாரித்து மாடியேறி வந்துவிட்டார்.

“ஹேமநாத்துன்றது நீங்கதானா, தம்பி?”

“ஆமாங்கக்கா. உக்காருங்க.”

“உக்கார வரல.” ஃபோனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். “இது எங்க அப்பா போட்டோ. இது எங்க அப்பா பேரு. ஆனா இது எங்க அப்பா எழுதினது இல்ல.”

அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“பேரு எங்க கைய உட்டுப் போனது எங்க தப்புதான். வெச்சுக்கோங்க, அத கேக்கல. கடைகூட போட்டுக்கோங்க. தண்ணின்ற ஒரு வார்த்தைய மட்டும் மேல போட்ருங்க தம்பி. வேல பாத்த காலம் பூரா ஒவ்வொரு ஷெட்டா போயி அத ஒண்ணத்தான் கத்தினு இருந்தாரு மனுசன். ஊட்ல நாங்க அவருக்கு வெச்ச பேரே ‘இருபது நிமிஷம்’. குழம்பு கொதிக்குதுன்னாகூட வாட்சைப் பாப்பாரு.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “ஜெல்லு தடவுனா கண்ணு போயிடும். உங்களுக்குத் தெரியாம இருக்கும். அதான் சொல்ல வந்தேன்.”

“இன்னிக்கே மாத்திடறேங்கக்கா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அன்றைக்கே மாற்றினேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்வர்டின் வரிகளை அவர் எழுதியபடியே மேலே கொண்டுவந்தேன். ரயிலில் போகும்போது மனசு லேசாக இருந்தது.

முதலிடத்தில் இருக்கும் பக்கத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். தொட்டேன். மூன்றாவது நாள் பெட்டி வேறொரு தளத்துக்குப் போயிற்று. ஐந்தாவது நாள் நாங்கள் நாலாவது இடத்தில் இருந்தோம். எங்களுக்குப் பதில் மேலே வந்த தளமும் தண்ணீர்தான் சொன்னது. ஆக, தண்ணீர் என்று சொல்ல ஊரில் வேறு ஆள் இருந்தார். நாங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றியது.

ஒன்பதாவது நாள், திங்கட்கிழமை, அண்ணன் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். திட்டவில்லை.

“பேஜாரு பண்ணாத ஹேமு. குடோன்ல பேக்கிங்குக்கு அஞ்சு பொண்ணுங்கள எடுத்தது இந்த ஒரு பக்கத்த நம்பித்தான். இப்ப ரெண்டு பேர நிறுத்தணும். யார நிறுத்தட்டும், நீயே சொல்லு. எல்லாம் கொழந்த குட்டிக்காரிங்கோ.”

அவர் கீழே இறங்கிப் போனதும் ஜெல்லை மேலே வைத்த என் வரிகளைத் திரும்பப் போட்டேன். ஆரோக்கியமேரி அக்கா கொடுத்துவிட்டுப் போன நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாததால் கூப்பிடவில்லை. புதன்கிழமை காலை பெட்டி எங்களுக்குத் திரும்பி வந்தது. அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு வாரம் ஆகியிருந்தால் வியாழக்கிழமை வேறு மாதிரிப் போயிருக்கும். இதெல்லாம் நம் கையிலா இருக்கிறது?

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். ஈரக் கையோடு எடுத்தேன்.

“எட்வர்ட் சாருங்களா?”

“சொல்லுங்க,” என்றேன்.

“சார், லோகு பேசறேன், கும்மிடிப்பூண்டிலேருந்து. இங்க வேல பாக்குற ஷெட்டுல எங்க அக்கா மூஞ்சில ஆசிட்டு தெறிச்சிருச்சு சார். கண்ணுல பட்டுக்கீது. ஃபோன்ல உங்களுது பாத்தேன், ஜெல்லு தடவச் சொல்லிக்கீறீங்க. இங்க ஒருத்தரு தண்ணி ஊத்து தண்ணி ஊத்துன்றாரு. நான்தான் புட்ச்சி நிறுத்தி வெச்சிக்கிறேன். இன்னா சார் பண்றது? குழா இங்கயேதான் கீது, நாலு அடிதான்.”

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. கத்தவில்லை. “லோகு, எரியுதுடா, லோகு” என்று, பக்கத்தில் இருக்கிறவனைத் தொலைவிலிருந்து கூப்பிடுவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் டாக்டர் இல்லை, மேடம். ஒரு கடைக்காகத் தேடலைக் கவனிக்கிறவன். பார்க்காத ஒரு காயத்துக்கு என் வாயால் வைத்தியம் சொல்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று யோசித்தேன். பக்கத்தில் ஒன்று இருந்து நான் வேறொன்று சொன்னால், பக்கம் தப்பு என்று நானே சொன்னதாக ஆகிவிடும். அவன் நாலு பேரிடம் அதைச் சொல்வான். இதெல்லாம் தோன்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. என் வாஷ்பேசின் குழாயை மூடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

“பக்கத்துல என்ன போட்டிருக்கோ அதையே பண்ணுங்க,” என்றேன்.

“ஜெல்லு டப்பா இங்க ஃபர்ஸ்ட் எய்டு பெட்டிலயே கீது சார்.”

“அப்ப நல்லது.”

“நீங்க நல்லா இருக்கணும் சார்.”

ஐம்பத்திரண்டு வினாடி. உங்களிடம் இருக்கிற ஃபோன் அழைப்புப் பட்டியலிலும் அதுதான் இருக்கும். பிறகு அவர்கள் கண்ணை மூடி ஜெல்லை அப்பி, ஆட்டோ பிடித்து, நாற்பது நிமிடம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கணக்குப் பலகையைப் பார்த்தேன். யார் எங்கிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அதில் தெரியும். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரே ஒருவர். ஒரு நிமிடம் பத்து வினாடி இருந்திருந்தார். பொதுவாக இருபது வினாடிகூட யாரும் இருப்பதில்லை. இவர் பக்கத்தின் அடிவரைக்கும் போய், மறுபடி மேலே வந்து, மறுபடி கீழே போயிருந்தார். தண்ணீர் என்ற சொல்லை அவர் இரண்டு முறையாவது தாண்டியிருக்க வேண்டும். மேலே இருப்பதை நம்புவதா கீழே இருப்பதையா என்று தெரியாமல்தான் எனக்கு ஃபோன் செய்திருக்கிறார். அதில் நான் என்ன செய்ய முடியும்?

இடமில்லாமல் எடுத்துவிட்டேன் என்று சொன்னேனே, எட்வர்டின் அந்த வரி என்னவென்று நீங்கள் கேட்பீர்கள். ஆரோக்கியமேரி அக்கா உங்களிடம் பழைய பக்கத்தைக் கொடுத்திருப்பார், மறைப்பதில் அர்த்தமில்லை. “களிம்பு, எண்ணெய், ஜெல், பேஸ்ட் எதையும் தடவாதீர்கள், அவை ஆசிட்டை உள்ளேயே வைத்து மூடிவிடும்.” எடுத்த அன்றைக்கு அதை மூன்று முறை படித்தேன். புரியாமல் எடுக்கவில்லை. அக்கா வந்து சொல்வதற்கு மூன்று மாதம் முன்பே எனக்குத் தெரியும். லோகு கேட்டபோதும் தெரியும். அந்தப் பெண்ணின் கண்ணுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். இதை அடிக்கோடிட வேண்டுமானால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

விஷயம் வெளியே வந்தபின் நாலைந்து பத்திரிகைகள் எழுதின. எல்லோரும் எங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள். நான் கேட்காமலே கிடைத்த முதல் கை காட்டல்கள். நேற்றுக் காலை நீங்கள் என் ஃபோனை வாங்குவதற்கு முன் பார்த்தபோது, பக்கம் இதற்கு முன் எப்போதும் இல்லாத பலத்தோடு முதலிடத்தில் இருந்தது.

ரோஜாவின் இடது கண் தப்பிக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். லோகுவைப் பார்த்தால், அவன் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். அவன் சரியான ஆளிடம் கேட்டதாகத்தான் நினைத்தான்.

தளத்தின் பாஸ்வேர்டை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்கள் கேட்டபடி எட்வர்ட் எழுதியதையே திரும்பப் போடட்டும், நான் தடுக்கவில்லை. மாற்றப்போகிறவரிடம் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள், மேடம்: தண்ணீர் என்பதை எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போடட்டும், ஆனால் முதல் நாற்பது சொற்களுக்குக் கீழே போடட்டும். அவற்றைத் தொட்டால் பக்கம் கீழே போய்விடும். அப்புறம் தண்ணீர் ஊற்றச் சொல்லி எழுதியிருப்பதை யார் வந்து பார்ப்பார்கள்?